14 டாலர் ரொக்கமும் ஒரு பழைய கொரோலாவும்: ஒரு வரி பாக்கி வழக்கு

கையிருப்பு ரொக்கம் 14 டாலர். 1996 மாடல் டொயோட்டா கொரோலா ஒன்று. 2 லட்சம் மைலுக்கு மேல் ஓடியது, விற்றால் 300 டாலர் தேறும். மாத வருமானம் 800 டாலர், மாதச் செலவும் அதே 800. அமெரிக்க வருமான வரித் துறையான ஐ.ஆர்.எஸ்.ஸின் 433-ஏ படிவத்தில் டென்னசி மாநிலத்துப் பெண் ஒருவர் எழுதிக் கொடுத்த கணக்கு இது. இவர் மேல் ஜப்தி நடவடிக்கை எடுக்கலாமா என்பதுதான் வழக்கு.

2009 டிசம்பர் 21 அன்று அமெரிக்க வரி நீதிமன்றம் இதில் தீர்ப்புச் சொன்னது. அந்த நீதிமன்றத்தின் தீர்ப்புத் தொகுப்பில் 133-ஆம் தொகுதி, 392-ஆம் பக்கம். அவர் பெயர் வழக்கின் தலைப்பிலேயே இருக்கிறது, வரி வழக்கறிஞர்கள் இன்றும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் வாதாடுகிறார்கள். ஆனால் நோயையும் வறுமையையும் பற்றிப் பேசப் போகிற இடத்தில் பெயர் எதற்கு? மனுதாரர் என்றே சொல்கிறேன்.

பாக்கி 2002-ஆம் ஆண்டுக்கான வருமான வரி. கட்டவில்லை. ஐ.ஆர்.எஸ். வழக்கப்படி கடிதங்கள் போகும்: முதலில் சாதாரண நினைவூட்டல், பிறகு கொஞ்சம் கறார், கடைசியில் ‘ஜப்தி செய்யப் போகிறோம்’ என்ற இறுதி நோட்டீஸ். அந்த இறுதி நோட்டீஸில் போட்டிருக்கும் தேதியிலிருந்து 30 நாளுக்குள் விசாரணை கேட்கும் உரிமை உண்டு. இந்த உரிமை 1998-இல் வந்தது. வசூல் அலுவலர்களின் கெடுபிடி பற்றி அதற்கு முந்தைய ஆண்டு செனட் சபையில் பொது விசாரணை நடந்து, நாடே பேசியது. அதன் விளைவாக அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் கொண்டுவந்த சட்டம் அது. ஜப்திக்கு முன்னால், அதுவரை அந்தக் கோப்பைத் தொடாத ஒரு மேல்முறையீட்டு அலுவலர் உட்கார்ந்து கேட்க வேண்டும். கேட்பதோடு முடியாது. அரசுக்கு வசூல் தேவை, ஆனால் அந்த நடவடிக்கை மனிதரை வேண்டியதற்கு மேல் உறுத்தக் கூடாது. இரண்டையும் எடைபோட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது.

மனுதாரர் விசாரணை கேட்டார். தனக்குத் தீராத நுரையீரல் நோய் இருக்கிறது, பிழைக்கப் போவதில்லை, பகுதி நேர வேலைதான் செய்ய முடிகிறது என்றார். 433-ஏ படிவத்தையும் கொடுத்தார். அலுவலர் அந்த எண்களை நம்பினார். ஜப்தி செய்தால் இவர் வாழ்க்கை நடத்த முடியாத நிலைக்குப் போய்விடுவார் என்று கோப்பிலும் குறித்து வைத்தார்.

சரி, அப்படியானால் வசூலை நிறுத்திவைக்க வேண்டியதுதானே? இல்லை. மனுதாரர் 2005, 2007 ஆகிய இரண்டு ஆண்டுகளுக்கும் வரிக்கணக்கு தாக்கல் செய்திருக்கவில்லை. தாக்கல் செய்யாதவருக்குத் தவணையும் கிடையாது, வசூல் நிறுத்தமும் கிடையாது என்பது துறையின் உள்கையேட்டை அலுவலர் படித்த விதம். ஆகவே ஜப்தி நடக்கலாம் என்று முடிவு. ஒரே கோப்பில் இரண்டு வாக்கியங்கள்: ஜப்தி செய்தால் இவரால் வாழ முடியாது, ஜப்தி செய்யலாம். இந்த வழக்கில் எனக்கு மறக்காத இடம் இதுதான். அலுவலர் கொடுமைக்காரர் என்று எனக்குத் தோன்றவில்லை. படிவத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தது, அந்தக் கட்டம் மற்ற எல்லாக் கட்டங்களையும் ஜெயித்துவிட்டது. எந்த ஊர் அரசு அலுவலகத்தில் வரிசையில் நின்றவருக்கும் இது புதிதில்லை.

அவருக்கு மறுக்கப்பட்ட அந்த ‘வசூல் நிறுத்தம்’ என்ன என்பதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் பலரும் இதைத் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். ஐ.ஆர்.எஸ். அதை ‘கரன்ட்லி நாட் கலெக்டிபிள்’ என்று அழைக்கிறது; இப்போதைக்கு வசூலிக்க முடியாத பாக்கி. இப்போதைக்கு என்ற சொல்லில்தான் எல்லாமே இருக்கிறது. இது தள்ளிவைப்பு, தள்ளுபடி இல்லை. கணக்கில் 530 என்ற குறியீடு ஏறும். அதன் பிறகு சம்பளத்தில் கைவைக்க மாட்டார்கள், வங்கிக் கணக்கை முடக்க மாட்டார்கள். ஆனால் பாக்கி அப்படியே நிற்கும். வட்டி ஓடும். கட்டாததற்கான அபராதம் பொதுவாக மாதம் 0.5 சதவீதம் என்று மொத்தம் 25 சதவீதம் வரை ஏறும். அடுத்த ஆண்டு ரீஃபண்ட் ஏதாவது வந்தால் அதைப் பழைய பாக்கியில் கழித்துக்கொள்வார்கள். பாக்கி 10,000 டாலருக்கு மேல் போனால் சொத்தின் மேல் அரசுக்கு உரிமை இருப்பதாகப் பொதுப் பதிவேட்டில் நோட்டீஸ் பதிவதும் வழக்கம். வீட்டை விற்கப் போகும்போது அது வந்து நிற்கும்.

ரீஃபண்ட் விஷயம் ஏழைக் குடும்பங்களைத்தான் அதிகம் அடிக்கிறது. குறைந்த வருமானத்தில் வேலை செய்பவர்களுக்கு, முக்கியமாகக் குழந்தைகள் இருக்கும் வீடுகளுக்கு, ஆண்டுக்கு ஒருமுறை வரிச் சலுகையாக வரும் தொகை சில ஆயிரம் டாலர் வரை போகும். வாடகை பாக்கி, கார் ரிப்பேர் எல்லாம் அந்த ரீஃபண்டை நம்பித்தான் காத்திருக்கும். வசூலை நிறுத்திவிட்டோம் என்று சொன்ன அதே துறை அதை எடுத்துக்கொள்ளும். இதற்கும் ஒரு வழி உண்டு: வீட்டைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்திருக்கிறது, மின்சாரத்தைத் துண்டிக்கப் போகிறார்கள் என்பது போன்ற நெருக்கடியைக் காட்டி, கழிக்காமல் ரீஃபண்டைத் தரச் சொல்லிக் கேட்கலாம். ஆனால் கழிப்பதற்கு முன்பே கேட்க வேண்டும். கழித்த பிறகு கேட்டால் ஒன்றும் நடக்காது. பாக்கி வருமான வரியாக இருந்தால்தான் இந்த வழி. குழந்தைக்கான ஜீவனாம்சம், கல்விக் கடன் போன்ற பாக்கிகளுக்குப் பிடித்தால் ஐ.ஆர்.எஸ். தலையிட முடியாது.

யாருக்கு இந்த நிறுத்தம் கிடைக்கும்? 433 வரிசைப் படிவங்களில் வருமானம், செலவு, சொத்து எல்லாம் எழுத வேண்டும். செலவை நாம் சொன்னபடி ஏற்க மாட்டார்கள். அவர்களிடம் ஒரு அளவுகோல் இருக்கிறது. சாப்பாடு, துணிமணி, வீட்டுச் சாமான் வகைகளுக்கு நாடு முழுவதும் ஒரே அளவு, குடும்பத்தில் எத்தனை பேர் என்பதைப் பொறுத்தது. அந்த அளவு வரை பில் கேட்க மாட்டார்கள். வீடு, மின்சாரம், தண்ணீர் வகைக்கு மாவட்டத்துக்கு மாவட்டம் உச்சவரம்பு உண்டு, உண்மையான செலவு அதைவிடக் குறைவாக இருந்தால் குறைவானதுதான் கணக்கு. மருத்துவச் செலவுக்கு 65 வயதுக்குக் கீழே ஓர் அளவு, மேலே ஓர் அளவு. அதற்கு மேல் செலவானால் ரசீது காட்ட வேண்டும். கிரெடிட் கார்டு தவணையைப் பொதுவாகக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். இங்கேதான் பலர் திகைத்துப் போவார்கள்: கையில் உண்மையாகவே காசில்லை, ஆனால் படிவத்தின்படி மாதம் 400 டாலர் மிச்சம் என்று வரும். மனுதாரருக்கு அந்தத் தொல்லை இல்லை. 800 வந்தது, 800 போனது.

அவர் நீதிமன்றம் போனார், வக்கீல் இல்லாமல். விசாரணையே தேவையில்லை, எங்கள் பக்கம் தீர்ப்புச் சொல்லிவிடுங்கள் என்று ஐ.ஆர்.எஸ். மனுப் போட்டது. வழக்கைக் கேட்டவர் ஹோவர்ட் டாசன். 1962-இல் கென்னடி நியமித்த நீதிபதி. இந்தத் தீர்ப்பை எழுதும்போது அவருக்கு வயது 87.

டாசன் எடுத்துக்கொண்ட சட்டப்பிரிவு 6343. ஜப்தியை எப்போது விடுவிக்க வேண்டும் என்று சொல்லும் பிரிவு அது. வரி செலுத்துபவரின் பண நிலைமையால் ஜப்தி அவருக்குப் பொருளாதார நெருக்கடியை உண்டாக்குகிறது என்று துறை கண்டால் விடுவிக்க ‘வேண்டும்’ என்கிறது சட்டம். ‘விடுவிக்கலாம்’ என்று இல்லை. நெருக்கடி என்றால் என்ன என்பதை அதன் விதிகள் சொல்கின்றன: நியாயமான அடிப்படை வாழ்க்கைச் செலவைச் சமாளிக்க முடியாமல் போவது. சொகுசு வாழ்க்கை கணக்கில் வராது என்பதையும் விதியே தெளிவாகச் சொல்லிவிடுகிறது. சட்டத்தையும் விதியையும் நீதிபதி முழுக்கத் தேடினார். எல்லா ஆண்டுக் கணக்கையும் தாக்கல் செய்திருந்தால்தான் விடுவிப்போம் என்ற நிபந்தனை எங்குமே இல்லை.

அப்புறம் வாதம் தானாக நடக்கிறது. இந்த ஜப்தி நெருக்கடியை உண்டாக்கும் என்று அலுவலரே ஒப்புக்கொண்டார். அப்படி என்றால் ஜப்தி செய்த மறுகணமே அதை விடுவித்தாக வேண்டும். காலையில் பூட்டுப் போட்டு மாலையில் திறந்தே ஆக வேண்டும் என்றால், அந்தப் பூட்டு யாருக்காக? கல்லில் நார் உரிக்கும் வேலை. அந்த முடிவு சட்டப்படியே தவறு, அலுவலர் தன் அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்திவிட்டார் என்று சொல்லி, நீதிமன்றம் ஐ.ஆர்.எஸ். மனுவை நிராகரித்தது.

துறையின் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். தாக்கல் நிபந்தனை சும்மா வந்ததில்லை. தவணைக்கும், பாக்கியில் ஒரு பகுதியை மட்டும் கட்டித் தீர்த்துக்கொள்ளும் சமரசத் தொகைக்கும் வருபவர் நடப்பு ஆண்டு வரியையாவது ஒழுங்காகக் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் பழைய பாக்கி தீர்வதற்குள் புதிய பாக்கி ஏறிக்கொண்டே போகும். அது சரியான கவலைதான். தீர்ப்பும் அதை மறுக்கவில்லை. தவணைக்கு அந்த நிபந்தனை இன்றும் இருக்கிறது. இன்னொரு கேள்வியும் உண்டு. இரண்டு ஆண்டு கணக்குக் காட்டாதவர் 14 டாலர்தான் இருக்கிறது என்றால் எப்படி நம்புவது? நம்பாவிட்டால் வங்கி ஸ்டேட்மெண்ட் கேட்கலாம், சம்பளச் சீட்டு கேட்கலாம், எண்கள் பொய் என்று முடிவெடுக்கலாம். இந்த அலுவலர் அப்படிச் செய்யவில்லை. எண்களை உண்மை என்று ஏற்றுக்கொண்டு, பிறகு வேறொரு காரணத்துக்காக ஒதுக்கினார். வழக்கு திரும்பியது அந்த இடத்தில்தான்.

இதைக் கவனிக்காமல் பின்னாளில் இந்தத் தீர்ப்பை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு நீதிமன்றம் போனவர்கள் தோற்றார்கள். படிவத்தை நிரப்பிக் கொடுக்காமல், ஆதாரம் காட்டாமல், ‘எனக்கு நெருக்கடி’ என்று வாயால் மட்டும் சொன்னவர்களுக்கு இது உதவவில்லை. நிறுவனங்களுக்கும் உதவவில்லை. நர்சிங் ஹோம் நடத்தும் ஒரு நிறுவனம், ஜப்தி செய்தால் எங்களுக்கும் நெருக்கடிதானே என்று கேட்டுப் பார்த்தது. 2017-இல் வரி நீதிமன்றம் முடியாது என்றது: விதி தனி மனிதர்களுக்கு மட்டும், அந்த விதியும் செல்லும். கம்பெனிக்கு ‘அடிப்படை வாழ்க்கைச் செலவு’ என்று ஒன்று கிடையாது என்ற அளவில் எனக்கு இது புரிகிறது. அங்கே படுத்திருக்கும் முதியவர்களை நினைத்தால் அவ்வளவு எளிதாகவும் தெரியவில்லை. தனி ஆளாகச் சின்னத் தொழில் செய்பவருக்குச் சிக்கலில்லை; தொழிலும் அவரும் சட்டத்தின் கண்ணில் ஒருவரே.

துறைக்குள்ளும் தீர்ப்பு வேலை செய்தது. அடுத்த ஆண்டே ஐ.ஆர்.எஸ்.ஸின் தலைமைச் சட்ட அலுவலகம் தன் வழக்கறிஞர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. நெருக்கடி நிரூபணமாகிவிட்ட வழக்குகளில், கணக்குத் தாக்கல் செய்யவில்லை என்ற ஒரே காரணத்தை வைத்து ஜப்தியை ஆதரித்து வாதாட வேண்டாம் என்பது அதன் சாரம்.

இதனால் தாக்கல் செய்யாமலே இருந்துவிடலாம் என்று யாராவது எடுத்துக்கொண்டால் அது பெரிய தப்பு. கட்டப் பணம் இல்லை, அதனால் கணக்கையும் கொடுக்கவில்லை. பாக்கியில் சிக்குகிறவர்களில் பெரும்பாலோர் விழும் குழி இதுதான். பயம்தான் காரணம், புரிகிறது. ஆனால் கணக்கைப் பாருங்கள். கட்டாததற்கு அபராதம் மாதம் 0.5 சதவீதம். தாக்கல் செய்யாததற்கு மாதம் 5 சதவீதம், அதாவது பத்து மடங்கு. அதுவும் ஐந்தே மாதத்தில் 25 சதவீத உச்சத்தைத் தொட்டுவிடும். இன்னொன்று இதைவிட முக்கியம். வரி கணக்கில் பதிவான நாளிலிருந்து 10 ஆண்டுதான் ஐ.ஆர்.எஸ். வசூலிக்கலாம், அதன் பிறகு பாக்கி செத்துப் போகும். கணக்கே கொடுக்கவில்லை என்றால் எதைப் பதிவது? ஐ.ஆர்.எஸ். தானே ஒரு கணக்கைப் போட்டுப் பதியாதவரை கடிகாரம் ஓடத் தொடங்குவதே இல்லை.

வசூல் நிறுத்தத்தின் உண்மையான மதிப்பும் இந்தக் கடிகாரத்தில்தான் இருக்கிறது. வட்டி ஏறினாலும் 10 ஆண்டுக் கெடு நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். வயதானவர், நோயாளி, இனிமேல் சம்பாதிக்க வழியில்லாதவர் என்றால், நிறுத்தத்திலேயே இருந்து கெடுவைத் தாண்டிவிடலாம். சமரசத் தொகைக்கு விண்ணப்பித்தால் அது பரிசீலனையில் இருக்கும் காலம் முழுக்கக் கடிகாரம் நிற்கும். அதனால்தான் அனுபவமுள்ள ஆலோசகர்கள் கெடு நெருங்கியவர்களிடம், சமரசத்துக்குப் போகாதீர்கள், பேசாமல் நிறுத்தத்தில் இருங்கள் என்கிறார்கள். வெளியே இருந்து பார்ப்பவருக்கு இது ஏமாற்று மாதிரி தெரியலாம். காங்கிரஸ் எழுதிய சட்டம் அப்படித்தான் இருக்கிறது.

இதே நிலையில் இருப்பவர் செய்ய வேண்டியது அதிகமில்லை. இறுதி நோட்டீஸ் வந்தால் 30 நாளை விடக் கூடாது. 12153 என்ற படிவத்தில் விசாரணை கேட்க வேண்டும். ‘ஏதோ மாசம் 50 டாலர் கட்டறேன்’ என்று மனசாட்சிக்காகச் சொல்ல வேண்டாம். எதுவும் கட்ட முடியாது என்று சொல்ல வாய் வராது, தெரியும். ஆனால் 50 கட்ட ஒப்புக்கொண்டால் 50 கட்ட முடியும் என்று நீங்களே எழுதிக் கொடுத்ததாகத்தான் எடுத்துக்கொள்வார்கள், இரண்டு மாதத்தில் தவறினால் மறுபடி முதலிலிருந்து. வங்கிக் கணக்கு முடங்கிவிட்டாலும் பணம் உடனே போய்விடாது. வங்கி அதை 21 நாள் தன்னிடமே வைத்திருக்க வேண்டும், அந்த 21 நாளுக்குள்தான் நெருக்கடியைக் காட்டி விடுவிக்கச் சொல்ல வேண்டும். வக்கீல் வைக்க முடியாதவர்களுக்கு வரி உதவி மையங்கள் இருக்கின்றன, அரசு மானியத்தில் நடப்பவை. பல சட்டக் கல்லூரிகளிலும் உண்டு. துறைக்குள்ளேயே வரி செலுத்துபவருக்காகப் பேசும் தனிப் பிரிவும் இருக்கிறது, 911 படிவம் அதற்கானது. அமெரிக்கக் குடியுரிமை வாங்கிய நம்மவர்களுக்கு இன்னொரு பயன்: பெரிய வரி பாக்கி உள்ளவர்களின் பாஸ்போர்ட்டை மறுக்கச் சட்டம் இருக்கிறது, ஆனால் நெருக்கடிக்காக வசூல் நிறுத்தத்தில் உள்ள பாக்கியை ஐ.ஆர்.எஸ். அந்தப் பட்டியலில் சேர்ப்பதில்லை. ஊருக்குப் போய்வர முடியும்.

நிறுத்தம் கிடைத்த பிறகு ஆண்டுக்கு ஒருமுறை கடிதம் வரும்: இவ்வளவு பாக்கி, வட்டியோடு இவ்வளவு. பதில் எழுத வேண்டியதில்லை. அதைப் பார்த்துப் பதறி, கடன் வாங்கிக் கட்டுபவர்களும் உண்டு. கணக்கை நிறுத்தும்போதே துறை ஒரு வருமான வரம்பைக் குறித்து வைத்திருக்கும். பின்னால் வரும் வரிக்கணக்கில் வருமானம் அதைத் தாண்டினால் கோப்பு தானாக மறுபடி திறக்கும். தாண்டாதவரை யாரும் கதவைத் தட்ட மாட்டார்கள்.

மனுதாரரின் 2002 பாக்கிக்குத் திரும்பினால் ஒரு கணக்கு மீதி இருக்கிறது. அந்த வரி 2003-இல் பதிவாகியிருந்தது என்று வைத்துக்கொண்டால் 10 ஆண்டுக் கெடு 2013-இல் முடிந்திருக்க வேண்டும். ஆனால் ஜப்திக்கு எதிராக விசாரணை கேட்டு, அதன் மேல் நீதிமன்றம் போய், முடிவு வரும் வரையான காலம் அந்த 10 ஆண்டில் சேராது. அலுவலர் முதல் நாளே 530 குறியீட்டைப் போட்டிருந்தால் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்திருக்கும். மனுதாரர் ஜெயித்தார், ஜெயிக்க எடுத்துக்கொண்ட ஒவ்வொரு மாதமும் பாக்கியின் ஆயுளோடு கூடிக்கொண்டது.